தறிச் சத்தமும் செல்போனும்: திரும்பி வரும் மனநோயை முன்கூட்டி அறிய முயன்ற கதை

போன மாதம் எங்கள் வகுப்பில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டார்கள். நண்பன் ஒருவன் எழுந்து, "பேச்சை வைத்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கிற மென்பொருள்" என்றான். அதோடு நிற்கவில்லை. "பைபோலார் இருக்கிறவங்களுக்கு நோய் திரும்பி வரப் போகுதுன்னு செல்போனே முன்னாடி சொல்லிடும் சார்" என்றான். வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன். ஆனால் எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் குழித்தறி, அதில் உட்கார்ந்து நெய்பவர் பெரியப்பா. ஆயாவுக்கு அப்போதே கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. நான் ஏழாவது படித்தபோது ஒரு நாள் காலையில் அம்மாவிடம், "பெரியவனுக்கு மறுபடியும் வருதும்மா. ரெண்டு நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தறி ஓடுது. கோர்வைக்கு ஆள் இல்லாம ஒண்டியா அடிக்கிறான். சத்தமே வேற மாதிரி இருக்கு" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. வேலை செய்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டோம்.

அடுத்த இரண்டு வாரத்தில் பெரியப்பா மூன்று கடைகளில் பட்டும் ஜரிகையும் கடனுக்கு எடுத்தார். ஒரே மாதத்தில் பத்துப் புடவை தருவதாகச் சொசைட்டியில் சொல்லிவிட்டு வந்தார். (ஒரு புடவை முடிய குறைந்தது 10 நாள் ஆகும் என்பது காஞ்சிபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.) ராத்திரியில் ஒண்டியாகப் போட்ட கோர்வையில் கரை உடலோடு சேரவே இல்லை, அந்தப் புடவை வீணானது. வரதர் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் சண்டை. அப்புறம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த பின் நான்கு மாதம் தறிப் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடன் அடைய மூன்று வருடம் ஆனது.

பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, பேர் மட்டும் போடாதே" என்றார்.

ஆயா காதால் செய்த வேலையைத்தான் என் நண்பன் செல்போனிடம் கொடுக்கப் பார்க்கிறான். இந்த ஆசை அவனோடு ஆரம்பித்ததும் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் பழையது. அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

பைபோலார் என்பதைத் தமிழில் இருதுருவ மனநிலைக் கோளாறு என்கிறார்கள். ஒரு துருவம் மேனியா: தூக்கம் குறையும், பேச்சு வேகமெடுக்கும், பணம் தண்ணீராய்ச் செலவாகும், தன்னால் ஆகாதது எதுவும் இல்லை என்று தோன்றும். மறு துருவம் மனச்சோர்வு. இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்காக, சில சமயம் வருடக்கணக்காக, அந்த மனிதர் நம் எல்லோரையும் போலத்தான் இருப்பார். அந்த நடுக்காலம் எப்போது முடியும் என்பதுதான் வீட்டில் இருப்பவர்களை வாட்டும் கேள்வி.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பைபோலார் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. 2017ஆம் ஆண்டுக்கான இன்னொரு பெரிய மதிப்பீடு இந்தியாவில் 76 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்கிறது. ஆக, இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது.

உள்ளே இருப்பதை வெளியே படிப்பது

மனசுக்குள் நடப்பதை உடம்பை வைத்துப் படிக்கலாம் என்பது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு தனி இயலே இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. உள்ளத்து உணர்வு உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, கோபம், பயம், வியப்பு, இழிவு, பெருமிதம், மகிழ்ச்சி என எட்டு வகை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்காக, மொத்தம் 32 காரணங்களும் அதில் உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் வரும் என்று யார் நினைத்தது!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெய்ப்பாட்டியல் செய்யுளுக்காக எழுதப்பட்டது. காரணம் என்ன, யாரிடம், எந்தச் சூழலில் என்பதெல்லாம் தெரிந்த வாசகர் ஒருவர் அங்கே இருக்கிறார். அந்தச் சூழலோடு சேர்த்துத்தான் கண்ணீருக்குப் பொருள்.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் இதை அறிவியலாக்க ஆரம்பித்தார்கள். பிரான்ஸில் டுஷேன் என்ற மருத்துவர் முகத் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் படம் பிடித்து 1862இல் புத்தகம் போட்டார். பத்து வருடம் கழித்து, 1872இல், சார்லஸ் டார்வின் மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியைக் காட்டும் விதம் பற்றித் தனி நூல் எழுதினார். அதற்காக உலகின் பல மூலைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். பதில் அனுப்பியவர்களில் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்த ஒருவரும் உண்டு. 1978இல் அமெரிக்காவின் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முகத்தின் அசைவுகளை எண் போட்டுக் குறிக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றைக்குக் கேமரா வைத்து உணர்ச்சி படிக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கு இதுதான் தாத்தா.

பேனாவை எடை போட்டவர்

இன்னொரு பாதை மனநல மருத்துவர்களுடையது. ஜெர்மனியின் எமில் கிரேப்பலின், மேனியாவும் மனச்சோர்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று 1899இல் வந்த தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில் வகுத்தார். பைபோலார் என்ற இன்றைய பெயருக்கு முன்னால் பல காலம் புழங்கிய மேனிக்-டிப்ரஸிவ் என்ற பெயர் அங்கிருந்து பரவியதுதான். நோயாளியை ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாமல், வருடக்கணக்கில் நோய் எப்படி வந்து போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒவ்வொருவருக்கும் மாதவாரியாக வண்ணப் படம் போட்டு வைத்தார்.

கிரேப்பலினின் ஆய்வகத்தில் எழுத்துத் தராசு என்று ஒரு கருவி இருந்தது. அதன் மேல் காகிதம் வைத்து எழுதினால், பேனா எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பதிவாகும். மனநிலை மாறும்போது எழுத்தின் அழுத்தமும் வேகமும் எப்படி மாறுகின்றன என்று அதை வைத்துப் பார்த்தார்கள். அங்கே என்ன எழுதினார் என்பது பொருட்டே இல்லை. கை எப்படி ஓடியது என்பதே விஷயம்.

தறிச் சத்தத்தைக் கேட்ட ஆயா செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். கிரேப்பலினுக்கு ஜெர்மனியில் ஆய்வகம் இருந்தது, ஆயாவுக்குத் திண்ணை இருந்தது!

1938இல் அமெரிக்காவில் நியூமன், மேதர் என்ற இருவர் நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். மனச்சோர்வில் குரல் தாழ்ந்து, இடைவெளி கூடி, ஏற்ற இறக்கம் இல்லாமல் போவதையும், மேனியாவில் நேர்மாறாக இருப்பதையும் எழுதி வைத்தார்கள். இன்றைய மென்பொருள் தேடும் அடையாளங்களில் பாதி அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

இங்கே யார் கவனித்தார்கள்?

இந்த ஆராய்ச்சியெல்லாம் நடந்த காலத்தில் நம் பக்கம் என்ன நிலைமை? சென்னையில் 1794லேயே மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி வந்துவிட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. இன்று அரசு மனநலக் காப்பகம் என்று நாம் சொல்லும் இடம் அதுதான். நீண்ட காலம் அது அடைத்து வைக்கும் இடமாகவே இருந்தது. ஒருவருக்கு நோய் முற்றிய பிறகு கொண்டு போய் விடுவார்கள். திரும்பி வருமா, எப்போது வரும் என்று பார்க்க வெளியே யாரும் இல்லை.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961இல் அங்கே தலைமைப் பொறுப்பேற்றார். வீட்டுக்கு அனுப்பியவர்கள் திரும்பத் திரும்ப உள்ளே வருவதைப் பார்த்த அனுபவம்தான், மருந்தோடு வேலையும் குடும்ப ஆதரவும் வேண்டும் என்று அவரைப் பேச வைத்தது. ஓய்வு பெற்ற பின் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021இல் தன் 98ஆவது வயதில் காலமானார்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் வேலூரில் 1950களின் கடைசியில் இன்னொரு மாற்றம் நடந்தது. சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறை வந்தது. அதே பத்தாண்டில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை மைதானத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்தார். போதிய நர்ஸ்கள் இல்லாததும் ஒரு காரணம்தான். ஆனால் விளைவு பெரியது. நோய் எப்படி ஆரம்பிக்கிறது, எந்த மருந்து எதற்கு, எந்த அடையாளத்தைப் பார்த்தால் உடனே வர வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கற்றுக்கொண்டு போனார்கள். ஒரு நோயாளியோடு ஒரு கண்காணிப்பாளரும் ஊருக்குத் திரும்பினார் என்று சொல்லலாம்.

நம் ஊர்ப் பக்கம் கோயிலையும் விட்டுவிட முடியாது. மனம் சரியில்லாதவர்களைச் சோளிங்கருக்கு அழைத்துப் போய்க் குளத்தில் குளிக்க வைத்து மலையேற்றுவது இன்றும் நடக்கிறது. கோயிலில் தங்குவதால் என்ன நடக்கிறது என்று நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் பார்த்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். 31 பேர், சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய் அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதில் மேனியா நிலையில் வந்தவர்களும் இருவர். அங்கே தனிப்பட்ட சடங்கு மருத்துவம் எதுவும் நடக்கவில்லை. அடைக்கலமான இடமும், கூடவே இருந்த வீட்டு ஆளும்தான் இருந்தது.

இதன் மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதிக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்துபோனார்கள். அந்த 28 பேரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டில் இருந்தவர்கள்தான். நோய் திரும்பித் திரும்பி வந்து, வீடு களைத்துப்போய், கடைசியில் சங்கிலி. நோய் திரும்புவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் என்ன லாபம் என்று யாராவது கேட்டால், நான் ஏர்வாடியைத்தான் காட்டுவேன்.

ஒரு உப்பும் ஒரு தாளும்

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மேனியாவில் இருந்த பத்துப் பேருக்கு லித்தியம் என்ற சாதாரண உப்பைக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் அமைதியானதை எழுதினார். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோவும் பௌல் பாஸ்ட்ரப்பும் 1967இல், தொடர்ந்து சாப்பிட்டு வந்தால் நோய் திரும்பி வருவதையே லித்தியம் குறைக்கிறது என்று காட்டினார்கள். அதுவரை வந்த பின் அடக்குவதுதான் மருத்துவம். அதன் பின் வராமல் தடுப்பது என்ற பேச்சு வந்தது.

லித்தியத்தில் ஒரு சிக்கல் உண்டு. வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். அதனால் ரத்தப் பரிசோதனை அவ்வப்போது கட்டாயம். கோடையில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். சித்திரை வெயிலில் தறிக்குழியில் உட்காரும் பெரியப்பாவுக்குப் பெரியம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொண்டுபோய் வைப்பது இதனால்தான்.

மருந்து மட்டும் போதாது என்று காட்டிய ஒரு சின்ன ஆராய்ச்சி 1999இல் இங்கிலாந்தில் வந்தது. பைபோலார் உள்ள 69 பேரில் ஒரு பாதிப் பேருக்கு, தங்கள் நோய் திரும்பும்போது முதலில் வரும் அடையாளங்கள் எவை, அவை வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று 7 முதல் 12 சந்திப்புகளில் கற்றுக் கொடுத்தார்கள். கடைசியில் அது ஒரு சின்னத் தாளில் அடங்கிவிடும். அந்தப் பாதியில் நால்வரில் ஒருவருக்கு மேனியா திரும்ப 65 வாரம் ஆனது. மற்றவர்களிடையே அதே அளவை எட்ட 17 வாரமே போதுமாக இருந்தது. மனச்சோர்வு விஷயத்தில் மட்டும் இந்தப் பலன் இல்லை.

கம்ப்யூட்டர் இல்லை, கேமரா இல்லை. ஒரு தாளும், தெரிந்த ஒரு கதவும். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமும் கொஞ்சம் வருத்தமும் சேர்ந்தே வந்தது. ஆயா சொன்ன அன்றைக்கே நாங்கள் போயிருக்கலாம்.

இயந்திரங்கள் வந்தன

1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரோசலிண்ட் பிகார்ட், கம்ப்யூட்டர் மனித உணர்ச்சியை அறிய வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்துதான் இது தனித் துறையானது. ஸ்மார்ட்போன் வந்ததும் பைபோலார் பக்கம் பலர் திரும்பினார்கள். ஏனென்றால் தூக்கம், நடமாட்டம், பேச்சு, எழுத்து எல்லாமே இப்போது ஒரே பெட்டிக்குள் பதிவாகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ப்ரியோரி என்ற திட்டம். செல்போனில் பேசும்போது நோயாளியின் குரலை மட்டும் பதிந்து, என்ன பேசினார் என்பதை விட்டு, எப்படிப் பேசினார் என்பதைக் கணக்கிடும். இலினாய் பல்கலைக்கழகத்தின் பையாஃபெக்ட், விசைப்பலகையில் விரல் ஓடும் வேகத்தையும் தவறு திருத்துவதையும் பார்க்கும். (கிரேப்பலினின் எழுத்துத் தராசு மறுபிறவி எடுத்துவிட்டது!) துருக்கியில் நோயாளிகளின் முகத்தையும் குரலையும் பதிந்த தொகுப்பு ஒன்றை வைத்து 2018இல் உலக அளவில் போட்டியே நடந்தது.

சரி, பலன்? இங்கேதான் நிதானம் வேண்டும்.

டென்மார்க்கின் மொனார்கா திட்டம் இதை முறையாகச் சோதித்தது. 2015இல் வெளியான முதல் சோதனையில் 78 பேர், 2020இல் வெளியான இரண்டாவதில் 129 பேர். தினமும் செல்போனில் மனநிலையைக் குறித்து, கருவியும் கண்காணித்து, மருத்துவக் குழுவும் பின்தொடர்ந்தது. இரண்டிலும் மேனியா, மனச்சோர்வு அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறையவில்லை. இரண்டாவதில் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் கூடியது, மன அழுத்தம் குறைந்தது. ஆனால் மனச்சோர்வு விஷயத்தில் எதிர்மறையான சாயலும் தெரிந்தது. தினமும் தன் மனசையே உற்றுப் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது செய்யாது போலிருக்கிறது.

ப்ரியோரி குழுவினர் 2016இல் எழுதிய ஒரு கட்டுரை எனக்குப் பிடித்தது. அவர்கள் கொடுத்த செல்போன்கள் இரண்டு வகை: கேலக்ஸி எஸ்3, எஸ்5. இரண்டிலும் ஒலி பதியும் தரம் வேறு. அதைச் சரிக்கட்டாமல் மனநிலையைக் கணிப்பது சிரமமாகிவிட்டது. ஆள் மாறினாரா, போன் மாறியதா என்ற குழப்பம்! இதே போல் போன் வழியாக மனநலம் அறிவோம் என்று பெரும் முதலீட்டோடு வந்த மைண்ட்ஸ்ட்ராங் நிறுவனம் 2023இல் மூடப்பட்டது.

முகத்தைப் பார்த்து உணர்ச்சி சொல்வதற்கே அடிப்படை பலமாக இல்லை என்று லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் நான்கு ஆய்வாளர்களும் 2019இல் விரிவாக எழுதினார்கள். கோபத்தில் சிலர் முறைப்பார்கள், சிலர் சிரிப்பார்கள், சிலர் சும்மா இருப்பார்கள். 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் முகமறியும் சேவையிலிருந்து உணர்ச்சி சொல்லும் வசதியை விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வேலையிடத்திலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சி அறியும் கருவிகளைத் தடை செய்தது. மருத்துவம், பாதுகாப்பு காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

ஆயாவுக்குத் தெரிந்தது

இதையெல்லாம் படித்த பிறகு ஒன்று புரிந்தது. ஆயா பெரியப்பாவின் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கவே இல்லை. அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று ஆயா பார்க்கவில்லை. பெரியப்பா வழக்கமான பெரியப்பாவாக இல்லை என்பதைத்தான் கண்டுபிடித்தார். மிச்சிகன்காரர்களும் இந்த வழிக்குத்தான் வந்திருக்கிறார்கள்: ஊருக்கெல்லாம் ஒரே அளவுகோல் வைக்காமல், ஒவ்வொருவரையும் அவரவர் பழைய நிலையோடு ஒப்பிடுவது.

அப்படி ஒப்பிடுவதற்கும் சூழல் தெரிய வேண்டும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் நெருங்கும்போது எங்கள் தெருவில் பாதித் தறிகள் ராத்திரியிலும் ஓடும். அது மேனியா இல்லை, ஆர்டர். பிரம்மோற்சவம் நடக்கும் பத்து நாளும் யாருமே சரியாகத் தூங்க மாட்டார்கள். அது பக்தி. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குரல் இறங்கித்தான் இருக்கும். ஆயாவுக்கு இது எல்லாம் தெரியும். முகூர்த்த ராத்திரியில் பக்கத்தில் கோர்வைக்கு ஆள் இருப்பார், இரண்டு பேர் கை மாறி மாறி ஓடும் சத்தம் கேட்கும். அன்றைக்குக் கேட்டது ஒற்றை ஆள் சத்தம். அந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் இருந்தது.

மென்பொருளுக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது? தமிழ்ப் பேச்சில் உணர்ச்சியை அறியும் தொகுப்புகள் இப்போதுதான் வருகின்றன. 2025இல் வெளியான எமோட்டா என்ற தொகுப்பில் இலங்கைத் தமிழர் 22 பேரின் குரல் இருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் யாழ்ப்பாணப் பேச்சின் ஏற்ற இறக்கம் காஞ்சிபுரத்தில் கிடையாது. காஞ்சிபுரத்துக்குள்ளேயே வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் உண்டு, கன்னடம் பேசுபவர் உண்டு, சௌராஷ்டிரம் பேசுபவரும் உண்டு. போதாக்குறைக்கு, பல வீடுகளில் ஒரு போனைப் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் எடுப்பார்கள். யாருடைய மனநிலையை அது கணக்கெடுக்கும்?

யாரிடம் சொல்லும்?

வகுப்பில் நடந்ததைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "இப்படி ஒண்ணு வந்தா போன்ல வெச்சுப்பீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "உங்க பெரியம்மாகிட்ட சொன்னா சரி. டாக்டர்கிட்ட சொன்னாலும் சரி. சொசைட்டியில தெரிஞ்சா பாவு குடுக்க யோசிப்பாங்க. கடைக்காரனுக்குத் தெரிஞ்சா எனக்கு ஜரிகை வராது. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சா உங்க அக்கா கல்யாணம் நின்னுடும். ஆயா எல்லாத்தையும் கேட்டாங்க, ஆனா வெளியில ஒரு வார்த்தை சொன்னதில்ல."

இத்தனை வரலாற்றையும் படித்துவிட்டு நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. கருவி சரியாகச் சொல்கிறதா என்று ஆராய்ந்தவர்கள் நிறைய. சொன்னதைக் கேட்பவர் யார், கேட்டு என்ன செய்வார் என்பது அதே அளவுக்கு முக்கியம். எங்கள் வீட்டில் கருவி மிகச் சரியாகத்தான் வேலை செய்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியது. கேட்க வேண்டியவர்கள் நாங்கள் கேட்கவில்லை.

இதற்கு நம் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, ஒருவர் நலமாக இருக்கும்போதே, தனக்கு நோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன்னைப் பற்றிய தகவல் ரகசியமாக இருக்கும் உரிமையும் அதில் உண்டு. சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. இன்றைக்கோ நாளைக்கோ நல்ல மென்பொருள் வரலாம். அது சொல்வதை யார் கேட்க வேண்டும் என்ற பட்டியலை நோயாளி தானே, தெளிவாக இருக்கும் நாளில் எழுதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ப்ராஜெக்ட் செய்யும் நண்பனிடமும் இதைச் சொன்னேன். முதல் திரையிலேயே அந்தக் கேள்வியை வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். பார்ப்போம்.

ஆயா போய் இரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு பெரியப்பாவும் பெரியம்மாவும் நானும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். சட்டப்படியான ஆவணம் இல்லை, வீட்டுத் தாள்தான். இரண்டு ராத்திரி தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் பெரியம்மா டாக்டருக்குப் போன் செய்யலாம். ஐயாயிரத்துக்கு மேல் கடன் வாங்கும் முன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். கோர்வைக்கு ஆள் இல்லாமல் தறியில் உட்காரக் கூடாது. மூன்றாவதைப் பெரியப்பாவே எழுதச் சொன்னார்.

அந்தத் தாள் தறிக்குப் பக்கத்துச் சுவரில், காலண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. வருபவர்கள் கண்ணில் படாது. எங்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது இருந்தால், அவரைப் பல வருடமாகப் பார்த்து வரும் வயதானவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாதவர்களுக்கு டெலிமானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.